நம்பிக்கைகளும் உண்மைகளும்: முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் இடுப்பு வலித்தால்

இடுப்பில் பெல்ட்டோடு மந்தைவெளி மார்க்கெட்டில் காய் வாங்கப் போனால், ஆர்.கே. மடம் ரோடுக்குத் திரும்பி வருவதற்குள் நாலு யோசனை இலவசமாகக் கிடைத்துவிடும். "குனியவே குனியாதீங்க." "மெத்தையைத் தூக்கிப் போட்டுட்டுப் பலகையில படுங்க." "உருளைக்கிழங்கு, வாழைக்காய் பக்கமே போகாதீங்க, வாயு." நாலாவது ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "ஆபரேஷன் பண்ணியும் வலிக்குதா? அப்ப ஏதோ தப்பு நடந்திருக்கு சார்."

முதல் மூன்றையும் கேட்டுச் சிரித்துவிட்டு வரலாம். நாலாவதுதான் வீடு வரைக்கும் கூடவே வருகிறது. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது, மறுநாள் இன்னொரு ஸ்கேன் சென்டருக்கு ஆட்டோ ஏற வைக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

"இன்னும் வலிக்கிறதென்றால் ஆபரேஷன் ஃபெயில்"

எதற்காக ஆபரேஷன் செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இன்றைய டிஸ்க் அறுவை, பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் 1934-ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. பிதுங்கிய ஜவ்வு (டிஸ்க்) நரம்பை நசுக்குவதால் காலில் வலி இறங்குகிறது, அந்தத் துண்டை எடுத்தால் நரம்பு விடுபடும் என்று அவர்கள் காட்டினார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்த அறுவையின் முதல் வேலை அதுதான்: பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் சுள்ளென்று இழுக்கும் வலியை அடக்குவது. அதை நன்றாகவே செய்கிறது. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாக அடங்கியது. தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று காத்திருந்தவர்களும் ஓராண்டில் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இடுப்பு வலிக்குக் காரணங்கள் பல. தேய்ந்த ஜவ்வில் மிச்சமிருக்கும் பகுதி, அதன் பின்னால் உள்ள சிறு மூட்டுகள், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு, மாதக்கணக்கில் நடக்காமல் இளைத்துப்போன தசை. போதாக்குறைக்கு, அறுவைக்கு வழிவிட விலக்கி வைக்கப்பட்ட தசையும் தன் பங்குக்கு வலிக்கும். கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையில் நரம்பை விடுவித்த சர்ஜன் இதையெல்லாம் சரிசெய்யவில்லை, செய்வதாகப் பெரும்பாலும் சொல்லியிருக்கவும் மாட்டார். "இனிமே வலியே இருக்காது" என்று வார்டு வாசலில் சொன்னது சொந்தக்காரராக இருக்கும். சில சமயம் டாக்டரே அப்படிச் சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. பிற்பாடு வரும் மனக்கசப்பில் பாதி அந்த ஒரு வாக்கியத்தால் வருவது.

முதுகு அறுவைக்குப் பிறகும் வலி நீடிப்பவர்கள் பத்தில் ஒருவர் என்கிறது ஓர் ஆய்வு, பத்தில் நாலு பேர் என்கிறது இன்னொன்று. எந்த அறுவை, யாருக்கு, எவ்வளவு காலம் கழித்துக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில், அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் உண்டு. நீங்கள் ஒருவர் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கால் வலி எவ்வளவு குறைந்திருக்கிறது, இடுப்பு வலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு போங்கள். "வலி போகலை டாக்டர்" என்று மொத்தமாகச் சொன்னால் அவருக்கும் ஒன்றும் புரியாது. கால் வலி முழுசாகப் போய், சில வாரமோ மாதமோ கழித்து அதே காலில் திரும்ப வந்தால் அது வேறு விஷயம். ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்கலாம், அதைப் பார்த்தாக வேண்டும்.

"இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும்"

சில நேரம் தெரியும். பல நேரம் தேவையில்லாததும் சேர்ந்து தெரியும். இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-ல் ஒரு குழு அலசியது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது, எண்பது வயதில் 96 சதவீதம். வலியில்லாதவர்களின் கணக்கு இது. "டிஸ்க் பல்ஜ் இருக்கிறது, தேய்மானம் இருக்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. அந்த வரி, தலைமுடி நரைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது.

அறுவை செய்த முதுகில் தழும்புத் திசு இருக்கும், அது எல்லோருக்கும் வருவதுதான். தழும்பையும் மறுபடி பிதுங்கிய ஜவ்வையும் பிரித்துப் பார்க்க, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் உதவும். அதைக் கேட்க வேண்டியவர் டாக்டர்.

ஸ்கேனுக்கும் டாக்டருக்கும் காத்திருக்கவே கூடாத சில அறிகுறிகள் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் கட்டுப்படாமல் போவது. இரண்டு தொடைகளுக்கு நடுவில், சைக்கிள் சீட் படும் இடத்தில் மரத்துப்போவது. செருப்பு காலிலிருந்து நழுவும் அளவுக்குப் பாதம் தொங்கிப்போவது. காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ். இதில் எது வந்தாலும் அன்றே, ராத்திரியானாலும் சரி, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று பார்ப்பதில் நரம்பு நிரந்தரமாகப் போய்விடலாம். காரணமில்லாமல் எடை குறைந்தால் ராத்திரியே ஓட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"ரெஸ்ட் எடுத்தால்தான் உள்ளே ஆறும்"

எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை இதுதான் என்பது என் கட்சி. இதை முதலில் ஆட்டம் காண வைத்த ஊர்களில் ஒன்று நம்ம மெட்ராஸ் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம்தான். படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் அசையாத ஓய்வு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இங்கே ஒரு மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமாக இருப்பது அதுதான். நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் ஒரே அறையில் நிறையப் பேர், அரைவயிற்றுச் சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும். 1959-ல் முடிவு வந்தபோது, வீட்டில் இருந்தவர்கள் சானடோரியக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாகக் குணமாகியிருந்தார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதில் இந்த ஆய்வுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அது நுரையீரல், முதுகெலும்பு வேறாயிற்றே என்பீர்கள். முதுகெலும்புக் காசநோயிலும் இதே கேள்வி எழுந்தது. கொரியாவில் மாசன், பூசான் ஊர்களில் நடந்த ஆய்வுகள், மாதக்கணக்கில் படுக்க வைப்பதாலும், உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போடுவதாலும் மருந்துக்கு மேல் தனி லாபம் இல்லை என்று 1970-களில் காட்டின. பிறகு மெட்ராஸில், நடமாடவிட்டு மருந்து மட்டும் கொடுப்பதையும், அறுவையோடு மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அறிக்கை 1999-ல் வந்தது. நடமாடியவர்கள் சோடை போகவில்லை.

கிருமி அரித்த முதுகெலும்பையே நடக்கவிட்ட ஊரில், ஜவ்வு எடுத்த முதுகுக்கு ஆறு மாதப் படுக்கை எதற்கு? டிஸ்க் வேறு, காசநோய் வேறு என்பதால் இடுப்பு வலிக்கும் டிஸ்க்குக்கும் உள்ள சான்றுகளையும் பார்த்துவிடலாம். டெக்சஸில் 1986-ல் இடுப்பு வலிக்காரர்களுக்கு இரண்டு நாள் ஓய்வும் ஏழு நாள் ஓய்வும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டு நாள்காரர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், வேறு வித்தியாசம் இல்லை. 1995-ல் ஹெல்சிங்கியில், முடிந்த அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்கள், படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். இரண்டும் அறுவை செய்யாதவர்களிடம் நடந்தவை. அறுவை செய்தவர்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டின் யூஜின் கராஜி 1990-களில் ஆராய்ந்தார். டிஸ்க் எடுத்தவர்களிடம் "குனியாதே, தூக்காதே" என்று எந்தத் தடையும் போடாமல் வீட்டுக்கு அனுப்பினார். பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள், அதனால் தனியாகக் கெடுதல் எதுவும் வரவில்லை. டிஸ்க் அறுவைக்கு நாலு முதல் ஆறு வாரம் கழித்து உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு வலி வேகமாகக் குறைகிறது, மறு அறுவை கூடுவதில்லை என்பது பிற்பாடு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களின் முடிவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைத்திருந்தால், எலும்பு சேரும் வரைக்கும் உங்கள் சர்ஜன் சொன்ன கட்டுப்பாடுதான் சட்டம். அப்போதும் நடப்பதற்குத் தடை பெரும்பாலும் இருக்காது.

"சரி, இன்றைக்கு நன்றாக இருக்கிறது, எல்லாத்தையும் முடிச்சுடலாம்"

ஓய்வுக்கு நேரெதிர் குழி இது. நவராத்திரிக்கு முன்னால் நம்ம பேட்டையில் வருஷா வருஷம் பலர் விழுவார்கள். காலையில் வலி குறைவாக இருக்கும். பரணிலிருந்து கொலுப் பெட்டி, படி, பொம்மை எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, அடுக்கி முடித்தால் அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. உடனே, "குனிஞ்சா வினைதான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். குனிந்ததில் தப்பில்லை. மூன்று மாதமாகக் குனியாத முதுகு ஒரே நாளில் நூறு முறை குனிந்ததுதான் சிக்கல்.

நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரே அளவு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பத்து நிமிடம் நடக்க முடிகிறதென்றால், நன்றாக இருக்கும் நாளிலும் பத்தே நிமிடம், வலிக்கும் நாளிலும் முடிந்தவரை பத்து நிமிடம். அடுத்த வாரம் பன்னிரண்டு. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் மேடு பள்ளம் தாண்டி நடப்பதைவிட, நாகேஸ்வர ராவ் பூங்காவோ பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையோ முதுகுக்கும் மனசுக்கும் நல்லது. மணலில் நடப்பதை ஆரம்பத்தில் தவிருங்கள். நடந்த பிறகு வலி கொஞ்சம் கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

நடை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? சிட்னியில் 701 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு இடுப்பு வலி திரும்ப வருவதற்குச் சராசரியாக 208 நாள் ஆனது. அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாள். முதுகு அறுவை செய்தவர்களை முன்வைத்த ஆய்வு அல்ல என்பதை மனதில் கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

"பெல்ட்டைக் கழற்றக் கூடாது", "பலகையில்தான் படுக்கணும்", "வாயு"

மூன்றையும் சுருக்கமாக முடித்துவிடலாம். எலும்பு இணைப்பு செய்தவர்களுக்கு டாக்டர் சொன்ன காலம் வரைக்கும் பெல்ட். மற்றவர்களுக்கு ஆட்டோவில் நீண்ட தூரம் போகும்போது ஒரு தைரியம், அவ்வளவுதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

பலகை பற்றி ஸ்பெயினில் 313 பேரிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள், 2003-ல் முடிவு வந்தது. கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைவு. இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்துபோயிருந்தால் மாற்றுங்கள், கட்டாந்தரைக்குப் போக வேண்டாம். வாழைக்காய் சாப்பிட்டால் வயிறு உப்பலாம், ஸ்க்ரூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"ஸ்க்ரூ கழன்றுவிட்டது போல"

தும்மினாலோ ஆட்டோ பள்ளத்தில் விழுந்தாலோ ஸ்க்ரூ கழன்று ஓடாது. எலும்பு பலவீனமாக உள்ளவர்களுக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, காலப்போக்கில் தளர்வது உண்டு. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்க்ரூ கடைசி வரை தாங்கப்போகும் தூண் அல்ல, எலும்பு சேரும் வரைக்கும் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்த வேலையை உண்மையாகவே கெடுப்பது எது தெரியுமா? சிகரெட். நிகோட்டின் எலும்பு சேருவதைத் தடுக்கிறது. குனிவதற்குப் பயந்து மனைவியை ஷூ லேஸ் கட்டச் சொல்லிவிட்டு, டீக்கடையில் போய்ப் பற்றவைக்கும் ஆண்களைப் பார்த்தால் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஸ்க்ரூ போட்டவர்களுக்கு இன்னொன்று. மொபைலில் வரும் "மடக்" வீடியோக்களைப் பார்த்துவிட்டு முதுகை யாரிடமும் கொடுத்துச் சொடக்கெடுக்கவோ, மேலே ஏறி மிதிக்கவோ விடாதீர்கள். வெதுவெதுப்பான எண்ணெயை மெல்லத் தடவிக்கொள்வதில் தவறில்லை, தழும்பு முழுசாக ஆறியிருந்தால் சரி.

"நரம்பு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்"

ப்ரீகாபாலின், காபாபென்டின் என்ற பெயர்கள் இல்லாத மருந்துச்சீட்டைப் பார்ப்பதே இன்று அரிது. நரம்பு வலியில் சிலருக்கு உதவுகின்றன. ஆனால் கால் வரை இறங்கும் வலிக்கு ப்ரீகாபாலினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, சிட்னியில் 209 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில் வலியில் வித்தியாசம் இல்லை. தலைசுற்றல்தான் கூடுதலாக இருந்தது. அறுபது தாண்டியவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுந்தால், பழைய வலியோடு புது எலும்பு முறிவும் சேரும். குறிப்பிட்ட காலம் போட்டுப் பார்த்தும் பயன் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள், சட்டென்று நிறுத்தாதீர்கள். வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆபத்து, பி.பி., சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம்.

சர்க்கரை என்றதும் ஒன்று. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. இரண்டு பாதமும் சேர்ந்து எரிகிறது, ராத்திரியில் கூடுகிறது என்றால் முதுகைக் குறை சொல்வதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் பாத எரிச்சலாக வரலாம். முதுகு அறுவையின் தோல்வி என்று பெயர் வாங்கும் சில வலிகள், இந்த இரண்டில் ஒன்றைக் கவனித்தால் அடங்கக்கூடியவை.

"இன்னொரு ஆபரேஷன் பண்ணினால் சரியாகும்"

ஜவ்வு மறுபடி பிதுங்கி நரம்பை அழுத்தினால், எலும்பு சேராமல் ஆடினால், கிருமி பிடித்தால் வேண்டியிருக்கும். வெறும் இடுப்பு வலிக்காக என்றால் நிதானியுங்கள். டிஸ்க் அறுவைக்குப் பிறகும் நாள்பட்ட இடுப்பு வலியோடு இருந்த 60 பேரை நார்வேயில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்க்ரூ போட்டு இணைப்பு அறுவை. இன்னொரு பிரிவுக்கு, குனிந்தால் முதுகு உடையாது என்று புரியவைத்து, தொடர்ந்து உடற்பயிற்சி. ஓராண்டு கழித்து, அறுவைக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று 2006-ல் எழுதினார்கள். முதுகுத்தண்டுக்குள் மின்கம்பி வைத்து வலியை மறைக்கும் கருவி பல லட்சம் விலை. அதையும் நார்வேக்காரர்களே 50 பேரிடம் சோதித்தார்கள். கருவி ஓடியபோதும் ஓடாதபோதும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022-ல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய சில ஆய்வுகள் சாதகமாகவும் இருந்தன. யாராவது அதைப் பரிந்துரைத்தால், முதலில் சில நாள் சோதனையாக வைத்துப் பார்க்கும் கட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, எல்லாம் மனசுலதான்"

இதைச் சொல்வது பெரும்பாலும் வீட்டார், கேட்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வலி நிஜம். மாதக்கணக்கில் வலித்த உடம்பில், வலியைக் கடத்தும் நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன, சாதாரண அசைவும் வலியாகப் பதிவாகிறது. தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு அதை இன்னும் கூட்டும். அதனால் தூக்கத்தைச் சரிசெய்வதும் மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான், பைத்தியப் பட்டம் அல்ல. இந்த வலிக்காரருக்கு வீட்டார் செய்யக்கூடிய உதவி, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது. "நீ சும்மா படுத்துக்கோ" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதில் உதவி இல்லை.

பிசியோதெரபிக்குக் காசில்லை என்பவர்களுக்கு கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

"இனி தரையில் உட்காரவே கூடாதா?"

இதை நம்பிக்கை என்பதைவிடக் கவலை என்று சொல்லலாம். பூஜைக்கு உட்கார வேண்டும், கோலம் போட வேண்டும், கபாலீஸ்வரர் கோயிலில் நமஸ்காரம் செய்ய வேண்டும். டிஸ்க் மட்டும் எடுத்தவர்கள், தையல் ஆறி, நடை பழகிய பிறகு மெல்ல முயலலாம். ஸ்க்ரூ போட்டவர்கள் சர்ஜன் சம்மதித்த பிறகு. முதலில் பலமான நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் அதைப் பிடித்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பிறகு மற்றதையும் ஊன்றி, பக்கவாட்டில் உட்காருங்கள். எழும்போது அதே வழியைத் திருப்பிச் செய்தால் போதும். முதல் வாரம் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கோலத்தை வாசல் முழுக்கப் போடாமல் நாலு புள்ளியில் ஆரம்பிக்கலாம்.